விட்டதைப் பிடிக்கத் துடிக்கும் மூளை

1963 மே மாதத்தில் ஒருநாள் செகந்திராபாத்தில் இருந்த கிரெசென்ட் ரிக்ரியேஷன் கிளப்புக்குள் போலீஸ் நுழைந்தது. உள்ளே சிலர் பணம் வைத்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். நிஜாம் காலத்து ஹைதராபாத் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. கீழ் நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது, ஆந்திர அரசு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 1967 நவம்பரில் நீதிபதி ஹிதாயத்துல்லா தீர்ப்பு எழுதினார். ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எதைக் கையில் வைப்பது, எதைக் கழிப்பது என்று கணிக்க வேண்டும். ஆகவே மூன்று சீட்டைப் போல அது முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பியதல்ல, பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றது தீர்ப்பு.

ஆட்டம் நடக்கும் இடத்தின் உரிமையாளர் அதில் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்ற நிபந்தனையும் அதே தீர்ப்பில் இருந்தது. காலப்போக்கில் நிபந்தனை மங்கிப்போய், ‘ரம்மி திறமை ஆட்டம்’ என்ற பகுதி மட்டும் நிலைத்துவிட்டது. கைப்பேசி வந்த பிறகு பெருகிய பண ஆட்டச் செயலிகள் பலவும் தங்கள் தொழிலுக்குச் சட்டப் பிடிமானமாகக் காட்டியது அந்தப் பகுதியைத்தான்.

திறமையா, அதிர்ஷ்டமா என்பது சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்வி. மனநல மருத்துவரின் கேள்வி வேறு: “உன்னால் நிறுத்த முடிகிறதா, தம்பி?” அதற்குப் பதில் சொல்ல முடியாமல் தவிக்கும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் இன்று ஹைதராபாத்தின் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவியல் சொல்லும் செய்தி நம்பிக்கையானது. சூதாட்ட அடிமைத்தனம் சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய்.

தடைக்குப் பிறகும்

சூதாட்டத்தின் மேல் தெலங்கானாவுக்கு இருக்கும் கோபம் புதிதல்ல. 2017 ஜூனில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, இணையத்தில் பணம் வைத்து ஆடும் எல்லா ஆட்டங்களுக்கும் அந்த மாநிலம் தடை போட்டது. திறமை ஆட்டம் என்ற விலக்கும் நீங்கியது. தமிழ்நாடு இதே பாதையில் வந்தது சில ஆண்டுகள் கழித்துத்தான். 2020 அவசரச் சட்டம், 2021இல் அதன் வழி வந்த சட்டத்தை ரத்து செய்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு, நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கை, ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா என்று பல திருப்பங்களுக்குப் பிறகு 2023 ஏப்ரலில்தான் இங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் தடைப்பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் நீக்கியது. செகந்திராபாத் தீர்ப்பின் நிழல் அவ்வளவு நீளம்.

தடை இருந்தும் ஹைதராபாத்தில் ஆட்டம் நிற்கவில்லை. 2020 ஆகஸ்டில் நகரப் போலீஸ் ஒரு பெரிய கும்பலைப் பிடித்தது. சீன நாட்டவர் ஒருவர் உட்பட நால்வர் கைதானார்கள். அந்தக் கும்பலின் கணக்குகளில் புரண்ட பணம் சுமார் 1,100 கோடி ரூபாய் என்றது போலீஸ். அவர்கள் நடத்தியது ‘கலர் பிரிடிக்‌ஷன்’. சிவப்பா, பச்சையா என்று சொல்லிப் பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். டெலிகிராம் குழுக்களில் ஆள் சேர்த்து, இணையதள முகவரியை அவ்வப்போது மாற்றி அறிவித்து ஆட்டம் ஓடியது.

2025 மார்ச்சில் பெட்டிங் செயலிகளுக்கு விளம்பரம் செய்ததாகப் பஞ்சாகுட்டா, மியாப்பூர் காவல் நிலையங்களில் யூடியூபர்கள் மீதும் திரையுலகினர் மீதும் வழக்குகள் பதிவாயின. அப்போது தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஐ.பி.எஸ். அதிகாரி சஜ்ஜனார், பெட்டிங் செயலிகளுக்கு எதிராகச் சமூக ஊடகங்களில் தொடர் பிரசாரமே நடத்தினார். சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்படும் என்று முதல்வர் ரேவந்த் ரெட்டி சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவினையையே விட்டுவிட்டு, நாடு முழுவதும் இணையப் பண ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவரைக் குற்றவாளியாக அந்தச் சட்டம் பார்க்கவில்லை. ஆண்டுக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்ற மதிப்பீட்டையும் அரசு அப்போது முன்வைத்தது.

பெரிய இந்திய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. கடல் கடந்து சர்வர் வைத்திருப்பவர்கள் நிறுத்தவில்லை. ஒரு முகவரி முடக்கப்பட்டால் இன்னொன்று முளைக்கிறது. பழகிப்போன மூளை அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது.

நூலிழையில் தவறியது

அந்தப் பழக்கம் எப்படி உருவாகிறது என்பதைக் குரங்குகளிடமிருந்து கற்றவர் நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். குரங்கின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை அவர் கண்காணித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் அந்த அணுக்கள் துடித்தன. பழச்சாற்றுக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு பழச்சாற்றிலிருந்து விளக்குக்கு நகர்ந்துவிட்டது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் டோபமின் அணுக்கள் தெரிவிக்கின்றன என்று 1997இல் ஷுல்ட்ஸும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள்.

2003இல் அவருடைய குழு இன்னொன்றைக் கண்டது. பரிசு நிச்சயம் கிடைக்கும் என்றாலும், நிச்சயம் கிடைக்காது என்றாலும், காத்திருக்கும் நேரத்தில் அந்த அணுக்கள் அமைதியாக இருந்தன. கிடைக்குமா கிடைக்காதா என்பது பாதிக்குப் பாதி என்ற நிலையில்தான் கிளர்ச்சி உச்சத்தில் இருந்தது. சிவப்பா பச்சையா என்ற ஆட்டம் மூளையின் அந்த உச்சப் புள்ளியில் போய் உட்காருகிறது. அதுவும் நிமிடத்துக்கு ஒருமுறை.

உளவியலாளர் லூக் கிளார்க்கின் 2009 ஆய்வு இன்னும் நெருக்கமாகப் போனது. எளிய சூதாட்ட இயந்திரம் ஒன்றை ஆடவிட்டு, ஆடுபவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் படம் பிடித்தார்கள். வெற்றிப் படம் ஒரு கட்டம் தள்ளி நின்றுபோனால் அது தோல்விதான், கையில் ஒரு காசும் வராது. ஆனால் வெற்றி கிடைக்கும்போது விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகள் நூலிழையில் தவறியபோதும் விழித்துக்கொண்டன. மனசுக்குக் கசப்பாக இருந்தது என்று சொன்னவர்களே இன்னொரு தடவை ஆட வேண்டும் போலிருக்கிறது என்றும் சொன்னார்கள். அதிலும் எந்தப் படம் வேண்டும் என்பதை அவர்களே தேர்ந்தெடுத்த சுற்றுகளில்தான் அந்த ஆசை கூடியது. கணினி தேர்ந்தெடுத்துக் கொடுத்த சுற்றுகளில் கூடவில்லை.

இதற்கு முன்பே, 1975இல், உளவியலாளர் எலன் லாங்கர் லாட்டரிச் சீட்டை வைத்து இதைக் காட்டியிருந்தார். ஒரு டாலர் சீட்டைத் தானே தேர்ந்தெடுத்தவர்கள் அதைத் திருப்பி விற்கச் சராசரியாக எட்டு டாலருக்கு மேல் கேட்டார்கள். யாரோ எடுத்துக் கொடுத்த சீட்டை வைத்திருந்தவர்கள் இரண்டு டாலருக்கும் குறைவாகக் கேட்டார்கள். தன் கை பட்டால் அதிர்ஷ்டமும் தன் பேச்சைக் கேட்கும் என்று மனசு நம்புகிறது.

சட்டத்தின் கேள்வியும் மருத்துவத்தின் கேள்வியும் பிரியும் இடம் இதுதான். திறமை இருப்பதால் ரம்மி பாதுகாப்பானது என்று சட்ட வாதம் நகர்ந்தது. ஆனால் ‘எனக்கு ஆட்டம் தெரியும்’ என்ற எண்ணமே ஒருவரை மேசையிலிருந்து எழவிடாமல் பிடித்து வைக்கிறது. அதிர்ஷ்டத்தில் தோற்றவன் எழுந்து போகலாம். திறமையில் தோற்றதாக நினைப்பவன், “இன்னொரு ஆட்டம், விட்டதைப் பிடிச்சிடுவேன்” என்று உட்கார்ந்துவிடுகிறான்.

இதில் டோபமினின் பங்குக்கு மருத்துவ உலகில் எதிர்பாராத ஒரு சாட்சி கிடைத்தது. பார்க்கின்சன் நோய்க்கு டோபமின் போலச் செயல்படும் மாத்திரைகள் தரப்படுகின்றன. அவற்றை எடுத்துக்கொண்ட சிலர் திடீரென்று சூதாட்டத்தில் மூழ்கினார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005இல் அப்படிப்பட்ட 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மாத்திரையைக் குறைத்ததும் நிறுத்தியதும் பலருக்கு அந்த வெறி அடங்கியது. சூதாட்டத்துக்கு அடிமையாவதை வெறும் ஒழுக்கக்கேடு என்று தள்ளிவிடுபவர்கள் அந்த 11 பேரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இளையவர்களுக்கு ஏன் ஆபத்து அதிகம்? பரிசை நாடும் மூளைப் பகுதிகள் பதின்பருவத்திலேயே முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடுகின்றன. பின்விளைவை எண்ணிப் பார்த்து, ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் முன்மூளை முதிர்ச்சி பெற இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் வீட்டைவிட்டு வந்த விடுதி அறை, முதல் சம்பளம், இரவு முழுக்கக் கையில் இருக்கும் கைப்பேசி, கடவு எண்ணைத் தட்டினால் பறந்துவிடும் யு.பி.ஐ. பணம் எல்லாம் ஒன்றுசேர்கின்றன. அமீர்பேட்டின் பயிற்சி மையங்களுக்கும் ஹைடெக் சிட்டியின் நிறுவனங்களுக்கும் தெலங்கானா, ஆந்திரா, தமிழ்நாடு எங்கிருந்தும் பிள்ளைகள் வந்து குவியும் நகரம் ஹைதராபாத்.

கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டக் கல்லூரி மாணவர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் 19.5 சதவீதம் பேர் ஒருமுறையாவது பணம் வைத்து ஆடியதாகச் சொன்னார்கள். மொத்த மாணவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு அது பிரச்சினையாகவே மாறியிருந்தது. 2024இல் வெளிவந்த லான்செட் ஆணைய அறிக்கையின் மதிப்பீட்டில், உலகில் சுமார் 8 கோடி வயதுவந்தோர் சூதாட்டத்தால் வரும் கோளாறிலோ அதை ஒட்டிய சிக்கலிலோ இருக்கிறார்கள். இணைய கேசினோ ஆடும் பதின்பருவத்தினரில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தக் கோளாறு இருக்கக்கூடும் என்கிறது அதே அறிக்கை.

கணக்கு சொல்வது

டெலிகிராம் குழுக்களில் ‘குரு’ என்று ஒருவர் இருப்பார். அவர் சொல்லித்தரும் வித்தை பெரும்பாலும் ஒன்றுதான்: தோற்றால் அடுத்த சுற்றில் இரட்டிப்பாகக் கட்டு, ஒருமுறை ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். முதலில் 100 ரூபாய், பிறகு 200, 400, 800 என்று போனால், தொடர்ந்து பத்து முறை தோற்றவர் இழந்திருப்பது 1,02,300 ரூபாய். பதினோராவது சுற்றுக்கு அவர் கையில் இன்னும் 1,02,400 ரூபாய் இருக்க வேண்டும். அந்தச் சுற்றில் ஜெயித்தாலும் கிடைக்கும் நிகர லாபம் வெறும் 100 ரூபாய்.

பத்து முறை தொடர்ந்து தோற்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று தோன்றும். குறிப்பிட்ட பத்து சுற்றுகளில் அதற்கான வாய்ப்பு 1,024இல் ஒன்றுதான். ஆனால் நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று 500 சுற்றுகள் ஆடினால், அதற்குள் எங்காவது அப்படியொரு தொடர் தோல்வி வருவதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் மேல். 500 சுற்றுகள் என்பது எட்டரை மணி நேரத்துக்கும் குறைவு. ஒரே ஓர் இரவு.

இரட்டிப்பாக்காமல் நிதானமாக ஆடினாலும் முடிவு பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொரு 100 ரூபாயிலும் நடத்துபவர் 2 ரூபாய் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாயோடு உட்கார்ந்து, சுற்றுக்கு 100 ரூபாய் வீதம் சுழற்றிச் சுழற்றிக் கட்டினால், 500 சுற்றுகளில் கட்டிய மொத்தத் தொகை 50,000 ரூபாய் ஆகிவிடுகிறது. அதில் இரண்டு சதவீதம் 1,000 ரூபாய். சராசரியாகப் பார்த்தால் கொண்டுவந்த பணம் முழுவதும் விடிவதற்குள் அவர்களிடம் போய்விடுகிறது. இதுவும் ஆட்டம் நேர்மையாக நடக்கும்பட்சத்தில்தான். எந்த நிறத்துக்கு எவ்வளவு பணம் குவிந்திருக்கிறது என்பது சர்வரை வைத்திருப்பவருக்குத் தெரியும், ஆடுபவருக்குத் தெரியாது.

இந்தக் கணக்கைப் பொறியியல் படித்த பையனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனுக்கு இது தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாமல் போவதால்தான் மருத்துவம் இதை நோய் என்கிறது.

ஒன்பது அடையாளங்கள்

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் சூதாட்ட நோயை 1980இல்தான் தன் கையேட்டில் சேர்த்தது. 2013இல் அதை மது, போதைப் பழக்கங்கள் இருக்கும் அதே அத்தியாயத்துக்கு மாற்றியது. பொருள் எதுவும் உடம்புக்குள் போகாமலே அடிமையாக்கக்கூடியது என்று அந்த அத்தியாயத்தில் இடம் பெற்ற முதல் பழக்கம் இதுதான். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் இதை அடிமைப் பழக்கங்களின் வரிசையில்தான் வைத்திருக்கிறது.

கையேடு ஒன்பது அடையாளங்களைச் சொல்கிறது. அதே கிளர்ச்சிக்கு மேலும் மேலும் பெரிய தொகை தேவைப்படுவது. குறைக்க முயன்றால் எரிச்சலும் பரபரப்பும் வருவது. நிறுத்தப் பலமுறை முயன்று தோற்பது. எந்நேரமும் ஆட்ட நினைப்பாகவே இருப்பது. மனசு சரியில்லாதபோது ஆட்டத்தைத் தேடுவது. விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பி வருவது. எவ்வளவு ஆடினோம் என்பதில் பொய் சொல்வது. படிப்பு, வேலை, உறவு பாதிக்கப்படுவது. பணமுடையைச் சமாளிக்க அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது. கடந்த 12 மாதங்களில் இவற்றில் நான்கு இருந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம். எட்டோ ஒன்பதோ இருந்தால் நோய் தீவிரம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இது வேறு விதமாகத் தெரியும். “அம்மா, ரூம் வாடகை முன்கூட்டியே கட்டணுமாம், ஒரு பத்தாயிரம் போடறியா?” என்று வரும் அழைப்பு அடுத்த வாரமும் வரும், வேறு காரணத்தோடு. கைமாற்று வாங்கிய நண்பர்கள் அழைத்தால் போனை எடுக்காமல் வைப்பான். மோதிரமோ சங்கிலியோ காணாமல் போயிருக்கும். சாராய வாடை போல இதில் எதுவும் மூக்கைத் துளைப்பதில்லை. அதனால் குடும்பம் கண்டுபிடிக்கும்போது கடன் பெரும்பாலும் லட்சங்களைத் தாண்டியிருக்கும்.

வாய் திறக்கும் நாள்

உதவி கேட்பவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவின் இரண்டு தேசிய ஆய்வுகளை அலசி ஆய்வாளர் வெண்டி ஸ்லட்ஸ்கே 2006இல் வெளியிட்ட கட்டுரையில், இந்த நோய்க்கு ஆளானவர்களில் 7 முதல் 12 சதவீதம் பேர் மட்டுமே சிகிச்சையையோ ஆதரவுக் குழுவையோ நாடியிருந்தார்கள். அதே கட்டுரையில் நல்ல செய்தியும் இருந்தது. மூன்றில் ஒரு பங்கினர் சிகிச்சை இல்லாமலே மீண்டிருந்தார்கள். இது ஆயுளுக்கும் விடாத சாபம் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை.

ஆனால் தானாகச் சரியாகும் என்று காத்திருப்பதும் ஆபத்து. சுவீடனில் இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தற்கொலையால் இறப்பது பொதுமக்களைவிட 15 மடங்கு அதிகமாக இருந்தது. அமெரிக்க ஆய்வொன்றில் இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறும் இருந்தது. கடனும் அவமானமும் தனிமையும் சேரும்போது மனம் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்று ஏமாறுகிறது. ஒருவரிடம் உண்மையைச் சொல்லிவிட்ட நிமிடத்திலேயே வேறு வழிகள் தென்படத் தொடங்கும்.

சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும், வேலை போய்விடும் என்ற பயம் பலரைத் தடுக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியின் ரகசியத்தை உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, மருத்துவர் அதை வெளியே சொல்ல முடியாது.

சிகிச்சை அறையில் என்ன நடக்கும்? அறிவுரை எதிர்பார்த்துத் தலைகுனிந்து உட்காரும் பையனிடம் ஆலோசகர் கேட்பதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். “கடைசியா எப்ப ஆடின? மணி எத்தனை இருக்கும்? பக்கத்துல யார் இருந்தா? அதுக்கு முன்னாடி மனசு எப்படி இருந்துச்சு?” சம்பளம் வந்த இரவு, அறையில் எல்லாரும் தூங்கிய பிறகு, மேலாளர் திட்டிய நாள், ஐ.பி.எல். ஆட்டம் நடக்கும்போது என்று பதில்கள் வரும். எந்தச் சூழல் ஆட்டத்துக்கு இழுக்கிறது என்பது தெரிந்ததும், அந்தச் சூழல்களை ஒவ்வொன்றாக மாற்றுவது, ‘இந்தத் தடவை நிச்சயம் வரும்’ போன்ற எண்ணங்களைச் சோதித்துப் பார்ப்பது, ஆசை எழும்போது அது தணியும்வரை என்ன செய்வது என்று பழகுவது எனச் சிகிச்சை நகரும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பது இதுதான்.

இது பலன் தருகிறது என்பதற்குச் சான்று உண்டு. ஆய்வாளர் நான்சி பெட்ரி 2006இல் வெளியிட்ட ஆய்வில் 231 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரை ஆதரவுக் குழுவுக்கு மட்டும் அனுப்பினார். இன்னொரு பிரிவினருக்கு அதோடு எட்டு அமர்வுகள் நேரடிச் சிகிச்சையும் கொடுத்தார். இரண்டாவது பிரிவினரிடம் ஆட்டம் கூடுதலாகக் குறைந்தது. எட்டே அமர்வுகள். சிலருக்கு நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்து ஆசையைத் தணிக்கிறது. மனச்சோர்வு கூடவே இருந்தால் அதற்கும் மருந்து தேவைப்படும். எது யாருக்கு என்பதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நடுவில் ஒருமுறை சறுக்கி மறுபடி ஆடிவிட்டால் எல்லாம் போச்சு என்று பலர் சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள். சறுக்கல் இந்த நோயில் சகஜம். எந்தச் சூழலில் சறுக்கியது என்று ஆலோசகரிடம் சொல்லி, திட்டத்தைத் திருத்திக்கொண்டு தொடர வேண்டும்.

கடனை என்ன செய்வது?

மருந்தும் பேச்சும் பாதி வேலை. மீதிப் பாதி பணத்தில் இருக்கிறது. கையில் பணமும் கைப்பேசியில் யு.பி.ஐ.யும் இருக்கும்வரை ஆசை எழும் ஒவ்வொரு முறையும் போராட்டம்தான். அதனால் சில மாதங்களுக்காவது சம்பளக் கணக்கைப் பெற்றோரோ அண்ணனோ அக்காவோ கவனித்துக்கொள்வது, யு.பி.ஐ. வரம்பைச் சில நூறு ரூபாய்க்குக் குறைப்பது, கிரெடிட் கார்டை ஒப்படைப்பது, டெலிகிராம் குழுக்களைவிட்டு வெளியேறுவது போன்றவற்றைச் சிகிச்சையின் பகுதியாகவே செய்ய வேண்டும். இதைத் தண்டனையாக நினைக்கக் கூடாது. கால் முறிந்தவருக்குக் கட்டுப் போடுவது போலத்தான். எலும்பு கூடியதும் கட்டு அவிழ்ந்துவிடும்.

கடனை மறைக்காமல் ஒரே தாளில் எழுதுவது அடுத்த வேலை. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக முழு அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவற்றில் ஒன்றான சிபிலின் அறிக்கையை வாங்கிப் பார்த்தால் வங்கி, கார்டு, பதிவுபெற்ற கடன் செயலி எல்லாம் தெரிந்துவிடும். அதோடு நண்பர்களிடம் வாங்கிய கைமாற்றையும் சேர்த்து எழுத வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று ஒரு கடனை மட்டும் ஒளித்து வைத்தால், அதை அடைக்க மறுபடி ஆடத் தோன்றும்.

கடன் செயலிகளின் மிரட்டலை ஹைதராபாத் நன்றாக அறியும். 2020 டிசம்பரில் சைபராபாத், ஹைதராபாத் போலீஸார் அப்படிப்பட்ட செயலிகளின் அழைப்பு மையங்களில் சோதனை நடத்திப் பலரைக் கைது செய்தார்கள். 2022இல் வந்த ரிசர்வ் வங்கியின் விதிகள்படி, கடன் செயலி கைப்பேசியின் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. மீறி மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை. நகையை விற்று, நிலத்தை அடகு வைத்து ஒரே நாளில் கடனை அடைத்து, “இனிமே ஆட மாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணு” என்று கேட்பது பெற்றோரின் இயல்பு. அந்தப் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிகிச்சை இல்லாத சத்தியத்துக்கு ஆயுள் குறைவு. கடன் தீர்ந்த நிம்மதியே அடுத்த ஆட்டத்துக்கு இடம் கொடுத்துவிடுவதும் உண்டு. பணத்தைப் பிள்ளையின் கையில் தராமல் கடன் கொடுத்தவருக்கு நேராகச் செலுத்துவதும், அதற்கு முன்பே மருத்துவரிடம் முதல் சந்திப்பை முடித்துவிடுவதும் நல்லது. திட்டும் அடியும் உண்மையைப் பேச வைப்பதில்லை, பொய்யைத்தான் வளர்க்கின்றன.

எங்கே போவது?

ஹைதராபாத்தில் எர்ரகட்டா அரசு மனநல நிலையத்திலும், உஸ்மானியா, காந்தி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் சிகிச்சை கிடைக்கிறது. ‘எர்ரகட்டா’ என்று சொன்னாலே முகம் சுளிக்கும் பழக்கம் அந்த நகரத்தில் உண்டு. அங்கே போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பி, வழக்கம்போல வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள் ஏராளம். பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்ப அடிமைப் பழக்கத்துக்காக 2014இல் தொடங்கிய ஷட் கிளினிக் இயங்குகிறது. 1957இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற ஆதரவுக் குழுவின் கூட்டங்கள் இந்தியாவிலும் நடக்கின்றன. பெயரை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை.

அரசு செய்ய வேண்டியதும் பாக்கி இருக்கிறது. தடைச் சட்டம் செயலியை மூடும், ஏற்கெனவே அடிமையானவரைக் குணப்படுத்தாது. சிங்கப்பூரில் சூதாட்டச் சிக்கலுக்கென்றே தேசிய மன்றம் ஒன்று 2005 முதல் இயங்குகிறது. தன்னைச் சூதாட்டக் கூடங்களுக்குள் விடாதே என்று ஒருவர் தாமே விண்ணப்பிக்கலாம், குடும்பமும் விண்ணப்பிக்கலாம். இங்கேயும் மாவட்ட மருத்துவமனைகள்வரை இந்த நோய்க்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வேண்டும். கல்லூரிகளும் மென்பொருள் நிறுவனங்களும் தங்கள் ஆலோசனைப் பிரிவுகளில் சூதாட்டத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். கேட்காமல் எந்தப் பிள்ளையும் தானாகச் சொல்லப் போவதில்லை.

இதைப் படிப்பவர் அந்த ஒன்பது அடையாளங்களில் தன்னைக் கண்டிருந்தால், அல்லது தம்பியையோ அறைத் தோழனையோ கண்டிருந்தால், விட்ட பணம் திரும்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் முதல் இரவு பகலாக இயங்குகிறது. எண் 14416. கட்டணம் இல்லை. தெலுங்கு, உருது, தமிழ் என்று மொழியைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். ஹைதராபாத்தில் இருக்கும் தமிழ்ப் பிள்ளையும் தன் மொழியிலேயே பேசலாம். இன்றைக்கே அழையுங்கள்.